இருநூற்றுப் பதினான்காம் வரி

தன்னைப் பற்றித் தானே இரண்டு பக்கம் எழுத வேண்டும், அதையும் "அவர்" என்றுதான் எழுத வேண்டும் என்றதும் பொறியாளருக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. மூன்றாவது பத்தியில் கூச்சம் விட்டுப்போயிற்று. "அவர் தொலைநோக்கு உடையவர்" என்று எழுதிவிட்டு, இப்படி ஒரு மனிதரை நேரில் ஒரு தடவையாவது பார்க்க வேண்டுமே என்று ஆசைப்படும் நிலைக்கு வந்துவிட்டார்.

ராணுவத்துக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கிற அலுவலகம் அது. துப்பாக்கி, பீரங்கி எதுவும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. வருவதெல்லாம் காகிதம். எந்தக் கருவி வாங்குவதானாலும் அது என்னென்ன செய்ய வேண்டும் என்று எண் போட்டு ஒரு பட்டியல் எழுதுவார்கள். அதற்குத் தேவை ஆவணம் என்று பெயர். கருவி கீழே விழுந்தாலும் வேலை செய்ய வேண்டும், மழையில் நனைந்தாலும் வேலை செய்ய வேண்டும், கையுறை போட்ட கையாலும் அமுக்க வர வேண்டும் என்று ஐந்நூறு அறுநூறு வரி போகும். விற்கிற கம்பெனி அந்த வரிகளைப் பார்த்துச் செய்து கொடுக்கும். சோதனைப் பிரிவு அதே வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்க்கும். அந்த வரிகளை எழுதுவதுதான் பொறியாளரின் வேலை. பதினாறு வருஷமாக எழுதுகிறார்.

அந்த வேலைக்கு ஒரே ஒரு பாலபாடம் உண்டு. வரி "வேண்டும்" என்று முடிந்தால் கம்பெனி செய்தே ஆக வேண்டும். "லாம்" என்று முடிந்தால் அவர்கள் இஷ்டம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே பொறியாளர்தான் வகுப்பு எடுப்பார்.

"'லாம்' போட்டா அது தேவை இல்ல, ஆசை. ஆசைய உங்க டைரில எழுதிக்குங்க. ஆவணத்துல எழுதாதீங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் கூடவே சிரிப்பார், தனக்கே இப்போதுதான் தோன்றியது போல.

இந்த வருஷத்தின் சிறந்த பொறியாளர் விருதுக்கும், அதோடு ஒட்டிக்கொண்டு வரும் தலைமைப் பொறியாளர் நாற்காலிக்கும் அவர் பெயர் போயிருந்தது. சாதனைக் குறிப்பை மட்டும் அவரவரே எழுதித் தர வேண்டும் என்பது விதி. காலையில் இயக்குநர் போன் செய்தார்.

"நாலு மணிக்குள்ள குடுத்துடுங்க. அந்த வயர்லெஸ் விஷயத்த முதல்ல வைங்க. அதுதான் வெயிட்டு."

"சார், அது வந்து..."

"இந்த அடக்கத்த எல்லாம் ஓய்வு பெற்ற அப்புறம் வெச்சுக்கலாம். எழுதுங்க."

இயக்குநர் போனை வைத்துவிட்டார். அடக்கம் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். பொறியாளர் மறுக்கவில்லை. அதையும் அடக்கத்தில்தான் சேர்க்க வேண்டும்.

வயர்லெஸ் விஷயம் இதுதான். படைக்கு அறுநூறு கையடக்க வயர்லெஸ் வாங்கினார்கள். ஆவணத்தில் இருநூற்றுப் பதின்மூன்றாம் வரி, "கருவியின் உறையைத் தோளிலும் மாட்டிக்கொள்ளலாம்" என்று முடிந்தது. அதில் ஒரு தப்பும் இல்லை. தோளில் மாட்டுவது மாட்டுகிறவர் விருப்பம். அடுத்த வரி, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை ஒப்படைக்கும் முன் மாற்றுவது பற்றியது. எழுதிய கை அதே ஓட்டத்தில் ஓடி, அங்கேயும் "மாற்றலாம்" என்று முடித்துவிட்டது. உறையும் கடவுச்சொல்லும் ஒரே அந்தஸ்துக்கு வந்தன. பதினொரு பேர் அந்த ஆவணத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இருப்பவர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்பதை மிகக் கவனமாகச் சரிபார்த்தார்கள்.

கருவிகள் வந்தன. சோதனைப் பிரிவில் ஒப்பந்த ஊழியராக ஒரு பெண் இருந்தாள். எதைக் கொடுத்தாலும் "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்பதால் அலுவலகம் முழுக்க அவளுக்குச் "சந்தேகம்" என்று பெயர். "சந்தேகம் வந்தாச்சா?", "சந்தேகம் இன்னிக்கு லீவு", "சந்தேகத்துக்கு ஒரு டீ சொல்லு" என்றெல்லாம் பேச்சு நடக்கும். அவளும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள்.

சந்தேகம் முதல் பெட்டியைப் பிரித்து, முதல் கருவியை எடுத்து, எட்டுத் தடவை சுழியத்தை அமுக்கினாள். கருவி திறந்துகொண்டது. எந்தப் படை எந்த அலைவரிசையில் பேசுகிறது என்ற பட்டியல் முழுவதும் திரையில் வந்து நின்றது. இரண்டாவது பெட்டியும் அப்படியே. அறுநூறும் அப்படியே. ஒரு கருவி தொலைந்து யார் கையிலாவது கிடைத்தால், அவர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ராணுவம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வீட்டுக்குப் போயிருக்கலாம்.

கம்பெனியைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். கம்பெனிக்காரர் பதறவே இல்லை. ஆவணத்தைப் பிரித்து விரலை வைத்தார்.

"'மாற்றலாம்'னு போட்டிருக்கீங்க சார். நாங்களும் உட்கார்ந்து யோசிச்சோம். வேண்டாம்னு முடிவு பண்ணோம்."

மேஜையைச் சுற்றியிருந்த தலைகள் பொறியாளர் பக்கம் திரும்புவதற்குள் அவர் வாய் முந்திக்கொண்டது. "அது பழைய பதிப்பு."

பழைய பதிப்பு என்று சொன்ன பிறகு புதிய பதிப்பு ஒன்று இருந்தாக வேண்டுமே. மதியச் சாப்பாட்டுக்குள் அதுவும் இருந்தது. "மாற்றலாம்" போய் "மாற்ற வேண்டும்" வந்திருந்தது. திருத்தத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் "எழுத்துப்பிழை" என்று போட்டிருந்தது. அடுத்த ஆர்டரை மனத்தில் வைத்துக் கம்பெனிக்காரரும் தன் கையிலிருந்த பிரதியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். அறுநூறு கருவிகளும் திரும்பிப் போய், கடவுச்சொல் மாறி வர ஐந்து வாரம் ஆயிற்று. திருத்தத்தில் பொறியாளர் கையெழுத்து இருந்ததால், ஆபத்தைக் கண்டுபிடித்ததும் அவர்தான் என்று மேலே இருப்பவர்கள் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. தாமத அறிக்கை தயாரிக்கும் எழுத்தர் போன் செய்து, "சார், அஞ்சு வாரம் லேட்டுக்கு என்ன காரணம்னு போடட்டும்?" என்று கேட்டார்.

"டெஸ்டிங்ல கொஞ்சம் டைம் எடுத்துது" என்றார் பொறியாளர்.

அது பொய்யில்லை. சோதனையில் நேரம் எடுத்ததுதான். சொல்லிவிட்டு அவர் நிம்மதியாக டீ குடித்தார். பொய் சொல்லியிருந்தால் அவரால் குடித்திருக்க முடியாது, அவ்வளவு நேர்மையானவர். எழுத்தர் "தாமதத்துக்குக் காரணம்: சோதனைப் பிரிவு" என்று எழுதினார். தாமதம் செய்த பிரிவில் ஒப்பந்த ஊழியர்களுக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. சந்தேகத்தின் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது.

இப்போது சாதனைக் குறிப்பில் அந்த இடத்துக்கு வந்துவிட்டார். படிவத்தில் மூன்று கட்டம்: எண், சாதனை, சரிபார்க்கும் முறை. அந்த மூன்றாவது கட்டத்தைப் படிவத்தில் சேர்த்ததே அவர்தான், நான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரு கூட்டத்தில் வாதாடி. "சரிபார்க்க முடியாத எதையும் எழுதக் கூடாது சார்" என்று மேஜையைத் தட்டியிருந்தார்.

"1. வயர்லெஸ் கருவிகளில் இருந்த பெரும் பாதுகாப்புக் குறையைக் கண்டறிந்து நீக்கினார்" என்று எழுதினார். கண்டறிந்து என்பதை அடித்தார். நீக்கினார் மட்டும் நொண்டியடித்தது. கண்டறிந்து என்பதை மறுபடி போட்டார். சரிபார்க்கும் முறை என்ற இடத்தில் "சோதனை அறிக்கை எண் 88 காண்க" என்று எழுதி, அறிக்கையை எடுத்து வந்து குறிப்போடு சேர்த்துப் பின் குத்தினார். முதல் பக்கத்திலேயே, "குறையைக் கண்டறிந்தவர்" என்பதற்கு எதிரே, குண்டு குண்டாக அவள் பெயர் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று குறிப்பிலும் கண்டறிந்து என்பதற்கு முன்னால் அவள் பெயரை எழுதி, "உதவியோடு தனி ஒருவராக" என்று சேர்த்தார்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு பாதுகாப்பு அதிகாரியிடம் போனார். வெளியே போகிற எந்தக் காகிதத்திலும் ரகசியமானதைக் கறுப்புப் பேனாவால் அடித்து மறைப்பது அவர் வேலை. அலுவலகத்தில் அவருக்கு "மை" என்று பெயர். எதற்கும் முகம் மாறாத மனிதர்.

மை கருவியின் பெயரை அடித்தார். எண்ணை அடித்தார். படையின் பெயரை அடித்தார். பேனா கிறீச் கிறீச் என்றது.

"இங்க ஒரு பேர் வருதே" என்றார் பொறியாளர்.

"ஊழியர் பேர்தானே."

"இருக்கட்டும்... வெளில போற காகிதம். அந்தப் பொண்ணோட பாதுகாப்புக்கு நல்லதில்லயே."

மை தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒன்றுமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"உங்க பேர் இருக்கே சார், அதையும் அடிச்சுடட்டுமா?"

"சேச்சே, அது... விருதே எனக்குத்தானே."

"சரி" என்று மை இரண்டு காகிதத்திலும் அவள் பெயர்மேல் பேனாவை வைத்து இழுத்தார். ஒரு தடவை போதாமல் இரண்டாவது தடவையும் இழுத்தார். வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது பொறியாளருக்குக் காது மடல் சுட்டது. ஏசி அதிகம் என்று தினமும் புகார் சொல்கிறவர் அவர்.

வீட்டுக்குச் செய்தி அவருக்கு முன்பே வந்துவிட்டது. இயக்குநரின் மனைவியும் பொறியாளரின் மனைவியும் ஒரே பல் டாக்டரிடம் போகிறவர்கள். மாமனார் வந்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை சிஸ்டம்ஸ் இன்ஜினியர் என்றால் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருப்பவர். போன வாரம்கூடத் தன் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மாப்ள, நாட்டையே காப்பாத்திட்டீங்களாமே!"

"அப்படி எல்லாம் இல்ல மாமா."

"பாரும்மா, எவ்வளவு அடக்கம். அப்போ என் பிரிண்டர் ஏன் இன்னும் ஓடல?"

"என்னங்க பண்ணீங்க? எங்ககிட்டயாவது சொல்லுங்களேன்" என்றாள் மனைவி. முகமெல்லாம் பூரிப்பு. அந்தப் பூரிப்பைப் பார்க்க முடியாமல் பொறியாளர் பிரிண்டரைப் பார்த்தார்.

"ரகசியம். சொல்லக் கூடாது."

பதினாறு வருஷமாக இந்த ஒரு வார்த்தையில்தான் குடும்பம் ஓடியது. அலுவலகத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் ரகசியம். ஒன்றுமே செய்யாமல் நாள் முழுக்கக் குறுக்கெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்றும் ரகசியம்தான். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"சொல்லக் கூடாதாப்பா, இல்ல சொல்றதுக்கு ஒண்ணும் இல்லியா?"

"வாயப் பாரு!" என்று அதட்டினாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். பொறியாளர்தான் கடைசியில் சிரித்தார். அதுவும் சரியாக வரவில்லை.

விழா அன்று செல்போன்களை எல்லாம் வாசலில் பிடுங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டு, குடும்பங்களை உள்ளே விட்டார்கள். பாராட்டுரையைப் படிக்க நிர்வாகப் பிரிவிலிருந்து ஒரு அம்மாளை நிறுத்தியிருந்தார்கள். மை அடித்த பிரதிதான் அவர் கையிலும் இருந்தது. கறுப்புப் பட்டை வரும்போதெல்லாம் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மரியாதையாக நிறுத்தினார்.

"அவர்... ... இல் இருந்த... ... ஐ... ... உதவியோடு தனி ஒருவராகக் கண்டறிந்து... ... க்கு நேரவிருந்த... ... ஐத் தடுத்தார்."

ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டம் கை தட்டியது. நிறுத்தம் நீளமாக இருந்தால் ரகசியம் பெரியது என்று சேர்த்துத் தட்டியது. "உதவியோடு" என்ற சொல்லுக்கு முன்னால் வந்த நிறுத்தம்தான் எல்லாவற்றிலும் நீளம். மை இரண்டு தடவை இழுத்த இடம். அதற்குத்தான் கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

மேடையில் நின்ற பொறியாளர் தெரியாத்தனமாகக் கடைசி வரிசையைப் பார்த்துவிட்டார். ஒப்பந்த ஊழியர்களுக்கு நாற்காலி கிடையாது, சுவரோரம் நின்றிருந்தார்கள். சந்தேகமும் கை தட்டிக்கொண்டிருந்தாள். கிண்டலாக இல்லை, வேண்டாவெறுப்பாகவும் இல்லை. மற்றவர்கள் தட்டும்போது தட்டி, நிறுத்தும்போது நிறுத்தினாள். கேடயம் கைக்கு வந்தது. பாதுகாப்புத் துறையில் வேறு எந்தக் கேடயத்தையும் அவர் அதுவரை தொட்டதில்லை. எடை அதிகம். ஒரு கையால் வாங்கப் போய், தடுமாறி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கீழே இறங்கி வந்தபோது டீ மேஜை அருகே மாமனார் யாரையோ பிடித்து நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். கிட்டே போன பிறகுதான் அது யார் என்று தெரிந்தது.

"என் மாப்பிள்ளைதாம்மா கண்டுபிடிச்சது. உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்" என்றாள் சந்தேகம்.

"நீயும் இங்கதான் வேலையா? அவர்கிட்ட நல்லாக் கத்துக்கோம்மா."

"சரிங்க சார். இந்த மாசம் வரைக்கும் இருக்கேன்."

பொறியாளர் கேடயத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கழிவறைப் பக்கம் திரும்பிவிட்டார். உள்ளே கேடயத்தை வைக்க இடமில்லை. அதை இடுக்கிக்கொண்டே முகம் கழுவினார்.

மறுநாள் காலை பத்தரை மணிக்குச் சந்தேகம் அவர் அறைக்கு வந்தாள். கேடயம் மேஜைமேல் இருந்தது. அவர் அதைக் கோப்புக்குப் பின்னால் தள்ளினார். கோப்பு சின்னது, மறைக்கவில்லை.

"சார், ஒரு உதவி. வேற எடத்துல வேலைக்குக் கேட்டிருக்கேன். இங்க மூணு வருஷம் என்ன பண்ணேன்னு உங்ககிட்டேந்து ஒரு லெட்டர் வேணும்."

"தாராளமா. இதுக்கா தயங்கினீங்க?" என்றார். அவள் தயங்கவே இல்லை. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி மடமடவென்று அடித்து, அச்செடுத்து நீட்டினார். ஆர்வம் மிக்கவர், கடும் உழைப்பாளி, பழக இனிமையானவர், எல்லா நலனும் பெற வாழ்த்துகிறேன்.

அவள் நின்றபடியே படித்தாள்.

"இத எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டியே எழுதிக் குடுப்பாங்க சார்."

"பின்ன?"

"வெளில போய் நான் எதையும் சொல்லக் கூடாது. ரகசியக் காப்பு உறுதிமொழில கையெழுத்து போட்டிருக்கேன். என்ன பண்ணேன்னு கேட்டா முழிச்சுட்டு உட்காரணும். லேட்டு பண்ண பிரிவுலேந்து வந்தவன்னு ஃபைல் மட்டும் எனக்கு முன்னாடி போய் உட்கார்ந்திருக்கும். நீங்க எழுதினாதான் சார் அது நடந்ததா ஆகும். ஒரே ஒரு வரி. சரிபார்க்கிற மாதிரி."

எந்த வரி என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"என்கிட்ட வேற ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?" என்றார்.

"சந்தேகம் இருந்தா கேப்பேன் சார்."

பொறியாளர் திரையைப் பார்த்து உட்கார்ந்தார். "குறையைக் கண்டறிய உதவினார்" என்று அடித்தார். அந்த "உதவினார்" வெகு நாசூக்கான சொல். கதவைப் பிடித்து நின்றவரும் உதவியவர்தான், பேனா இரவல் கொடுத்தவரும் உதவியவர்தான். மேடையில் படித்ததற்கும் இதற்கும் ஒரு மோதலும் இல்லை. நாற்காலிக்கும் ஆபத்தில்லை. பதினாறு வருஷம் சொற்களை எடை போட்டவருக்கு இது எவ்வளவு மலிவான சொல் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்தவில்லை. ஒரு கருவி சூடாகிறவரை காத்திருப்பவளைப் போல நின்றாள்.

அழித்தார். மறுபடி அடித்தார்.

"கருவிகளில் இருந்த பாதுகாப்புக் குறையைக் கண்டறிந்தவர் இவர் ஒருவரே. அந்தக் குறைக்கும் அதனால் நேர்ந்த ஐந்து வாரத் தாமதத்துக்கும் காரணம் சோதனைப் பிரிவு அல்ல. ஆவணத்தில் நான் தவறாக எழுதிய ஒரு வரி."

மூன்று வாக்கியத்துக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. இதுவரை ஆவணங்களில் அவர் "நான்" என்று எழுதியதில்லை. எப்போதும் அவர், துறை, மேற்படி பிரிவு. அந்த "நான்" காகிதத்தில் சட்டை போடாமல் நிற்பது போலத் தெரிந்தது.

வெளியே போகும் கடிதம் என்பதால் இருவரும் மையின் அறைக்குப் போனார்கள். மை படித்தார். பேனா மூடியைக்கூடக் கழற்றவில்லை.

"இதுல மறைக்க ஒண்ணுமில்ல" என்று முத்திரையை எடுத்தார்.

"நல்லாப் பாருங்க" என்றது பொறியாளரின் வாய். மனிதருக்குத் தெரியாமலே வந்த வார்த்தை அது.

"பார்த்துட்டேன் சார். கருவி பேர் இல்ல, படை பேர் இல்ல. உங்க தப்பு மட்டும்தான் இருக்கு. அது ரகசியத்துல வராது." முத்திரை விழுந்தது. "விதிப்படி இயக்குநருக்கு ஒரு காப்பி போகும்." உதவியாளர் ஒருவர் வந்து அந்தக் காப்பியை அப்போதே எடுத்துக்கொண்டு போனார்.

அறைக்குத் திரும்பியதும் சந்தேகம் கடிதத்தை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு கீழிருந்து மேலே படித்தாள். பொறியாளர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தேதி விட்டுப்போச்சு சார்."

விட்டுப்போகவில்லை. விட்டிருந்தார். தேதி இல்லாத கடிதம் விருதுக்கு முன்னாலேயே எழுதியதாகவும் இருக்கக்கூடுமே: பாவம், மனிதர் உண்மையை அப்போதே சொல்லியிருக்கிறார், மேலே இருப்பவர்கள்தான் கவனிக்கவில்லை என்று யாராவது நினைத்துக்கொள்ளக்கூடுமே. அவமானத்துக்குள்ளும் உட்கார ஒரு ஓரம் தேடிக்கொண்டிருந்தார். அவள் பேனாவை நீட்டினாள். விழாவுக்கு மறுநாள் தேதியை அவர் கையால் எழுதினார்.

"சரியா இருக்கு" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவள் போனாள்.

நன்றி என்று சொல்லவில்லை. கதவு சாத்திய பிறகும் பொறியாளர் எழுந்தபடியே நின்றிருந்தார். ஏன் இன்னும் உட்காரவில்லை என்று யோசித்தபோதுதான், அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்துக்கொண்டு நின்றிருக்கிறோம் என்பது அவருக்கே தெரியவந்தது. மையின் அறை வாசலில் சுட்டதைவிட அதிகமாகக் காது மடல் சுட்டது.

மேஜையில் போன் அடித்தது, இயக்குநரின் எண். மூன்று தடவை மணி அடிக்க விட்டு, பொறியாளர் உட்காராமலே அதை எடுத்தார்.